காலையில் குத்துகிறீர்கள், களி சாப்பிடுவது ராத்திரி

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 58. கொடைக்கானல் கீழ்மலையில் பண்ணைக்காடு பக்கம் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம், ஊடே மிளகு, ஆரஞ்சு, கொஞ்சம் மலைவாழை. நாலு வருஷமாகச் சுகர். மெட்பார்மின் 500 காலையும் இரவும், கிளிமெபிரைடு 1 காலையில் மட்டும். மதுரையில் இருக்கும் மகன் சுகர் மிஷின் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். தினமும் காலையில் வெறும் வயிற்றில் குத்திப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். 130, 142, 128, 137 என்றுதான் ஓடுகிறது. ஆனால் வத்தலக்குண்டில் எடுத்த மூன்று மாத சராசரி (HbA1c) 7.8 வந்திருக்கிறது. மிஷின் பொய் சொல்கிறதா? போன வாரம் ஒரு நாள் சாயந்திரம் தோட்டத்திலிருந்து வந்து சும்மா குத்தினேன், 291! பயந்துபோய் ராத்திரி சாப்பிடவே இல்லை. அரிசியை நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு, ராத்திரி கேப்பைக் களிதான். காப்பிக்கும் சீனி இல்லை, கருப்பட்டிதான். மலைவாழைப்பழம் சுகரை ஏற்றாது என்கிறார்களே, நிஜமா? தைப்பூசத்துக்குப் பழனி போனால் பஞ்சாமிர்தம் தொடலாமா? குளிர் நாளில் மிஷின் வேலையே செய்ய மாட்டேன் என்கிறது. ஒரு ஸ்ட்ரிப் இருபது ரூபாய்க்கு மேல் ஆகிறது, தினமும் குத்தித்தான் ஆகணுமா? வீட்டம்மாவுக்கும் இதே மிஷினில் பார்க்கலாமா?

— பண்ணைக்காடு வாசகர்

பதில்: மிஷின் பொய் சொல்லவில்லை ஐயா. ராத்திரி சாப்பிட்ட களியைப் பற்றி நீங்கள் அதனிடம் கேட்கவே இல்லை.

கணக்கைப் பாருங்கள். மூன்று மாத சராசரி 7 என்றால், அந்த மூன்று மாதமும் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக 154 இருந்தது என்று அர்த்தம். 8 என்றால் 183. உங்கள் 7.8-க்கு ஏறத்தாழ 177 வரும். காலையில் 135 சுற்றித்தான் இருக்கிறது, ஆனால் சராசரி 177. அப்படியானால் நீங்கள் குத்திப் பார்க்காத நேரத்தில் அது 200-ஐத் தாண்டி எங்கோ போய்விட்டு வருகிறது. பெரும்பாலும் சாப்பிட்ட பிறகுதான். (ரத்த சோகை இருந்தால் இந்தச் சராசரி எண் முன்பின் ஆகும். அடுத்த தடவை ரத்தம் கொடுக்கும்போது ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.)

வெறும் வயிற்றுச் சர்க்கரை முந்தின இரவுச் சாப்பாட்டின் மார்க் ஷீட் என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விடியற்காலையில் உடம்பு எழுந்திரிக்கத் தயாராகும்போது சில சுரப்பிகள் வேலை செய்ய ஆரம்பிக்கின்றன, கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. பட்டினி கிடந்தாலும் அது நடக்கும். நீங்கள் களியைப் பாதியாகக் குறைத்தும் மறுநாள் காலை 137 வந்தால், ‘குறைத்தும் பிரயோஜனம் இல்லை’ என்று மனம் விட்டுப்போகிறது. களி ஏற்றியது ராத்திரி ஒன்பதரைக்கு. அப்போது மிஷின் அலமாரியில் இருந்தது.

அதனால் தினமும் காலையில் ஒரு ஸ்ட்ரிப் என்ற வழக்கத்தை நிறுத்துங்கள். இன்சுலின் போடாத, மாத்திரையில் மட்டும் இருக்கிறவருக்குத் தினமும் ஒரே நேரத்தில் குத்துவதால் பெரிய லாபம் இல்லை. அதே காசை ஜோடியாகச் செலவு செய்யுங்கள்: சாப்பிட உட்காரும் முன் ஒன்று, முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. கை கழுவியதிலிருந்து இரண்டு மணி நேரம் இல்லை, முதல் கவளத்திலிருந்து. 25 ஸ்ட்ரிப் உள்ள ஒரு டப்பாவில் 12 ஜோடி வரும், ஒன்று மிஞ்சும். மாதத்துக்கு அது போதும், இப்போது ஆவதைவிடச் செலவும் குறைவு.

பொதுவாகச் சாப்பிடும் முன் 80-லிருந்து 130-க்குள், சாப்பிட்ட பின் 180-க்குள் இருந்தால் நல்லது. உங்கள் வயதில், வேறு கோளாறு இல்லாதவருக்கு இது பொருந்தும். ஆனால் இந்த ஜோடியில் நான் முதலில் பார்ப்பது வித்தியாசத்தை. முன்னால் 130, பின்னால் 165 என்றால் 35 ஏறியிருக்கிறது, அந்தத் தட்டு பரவாயில்லை. 130 ஏறி 228 ஆனால் அந்தத் தட்டை மாற்ற வேண்டும். 40, 50-க்குள் ஏறினால் நான் என்னிடம் வருகிறவர்களைத் தொந்தரவு செய்வதில்லை.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மிஷினுக்குச் சர்வதேச அளவில் அனுமதித்திருக்கும் பிசகே 100-க்கு மேல் 15 சதவீதம். 140 என்று காட்டினால் உண்மையில் 120-ஆக இருக்கலாம், 160-ஆகவும் இருக்கலாம். ஆகவே 130-க்கும் 142-க்கும் நடுவே நீங்கள் நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு யோசிக்க ஒன்றும் இல்லை. ஒரே சாப்பாட்டை இரண்டு, மூன்று நாள் சோதித்துப் பார்த்தால்தான் பேச்சு.

இனி அந்த 291.

சாயந்திரம் தோட்டத்திலிருந்து வந்து குத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஆரஞ்சு சீசன். வரும் வழியில் ஒன்றிரண்டு உரித்துச் சாப்பிட்டீர்களா? என் சந்தேகம் அதுதான். நம்ப மாட்டீர்கள் என்று நானே ஒரு நாள் என் விரலில் செய்து பார்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவிய விரலில் 98. ஒரு கமலா ஆரஞ்சை உரித்தேன், ஒரு சுளைகூட வாயில் போடவில்லை. அதே கையில் குத்தினால் 236. ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்தினேன், அப்போதும் 170-க்கு மேல். குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் ஈரம் போகத் துடைத்த பிறகு 101. ஸ்ட்ரிப் உறிஞ்சும் ரத்தம் ஒரு கடுகில் கால்வாசிகூட இராது. அதில் ஆரஞ்சுச் சாறு துளி கலந்தாலும் எண் எங்கோ போய்விடும். வாழைப்பழமும் அப்படித்தான், காப்பிப்பழம் பறித்த கையும் அப்படித்தான். அந்தப் பழத்தின் தோலுக்கடியில் இருக்கும் வழுவழுப்பு இனிப்பு என்பது உங்களுக்குத் தெரியாததா! ஸ்பிரிட் பஞ்சு கிருமிக்கு நல்லது, பழச்சாற்றுக்குப் போதாது. தண்ணீரும் சோப்பும்தான்.

அதனால் இனிமேல் நம்ப முடியாத எண் வந்தால் முதலில் கையைக் கழுவி இன்னொரு தடவை குத்துங்கள். அந்த ஒரு ஸ்ட்ரிப் வீண் இல்லை. இரண்டாவது தடவையும் 300-க்குப் பக்கத்தில் இருந்து, கூடவே வாந்தி, காய்ச்சல், அடக்க முடியாத தாகம் என்று ஏதாவது இருந்தால், பஸ்ஸுக்குக் காத்திராமல் ஜீப் பிடித்துக் கீழே வந்துவிட வேண்டும்.

பயத்தில் ராத்திரி சாப்பிடாமல் படுத்தீர்களே, அதற்கு நான் கோபப்படுவேன். நீங்கள் சாப்பிடும் இரண்டு மாத்திரையில் மெட்பார்மின் தனியாகச் சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்காது. கிளிமெபிரைடு இறக்கும். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அது கணையத்தைப் பிடித்து இன்சுலின் சுரக்க வைக்கும். காப்பிப் பறிப்பு நாளில் காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கினால் பதினோரு மணிக்குக் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், யார் பேசினாலும் எரிச்சல் வரும். அப்போது குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு உட்காருங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. மிஷின் கையில் இல்லாவிட்டால் சோதிக்கக் காத்திருக்காமல் சீனியைச் சாப்பிட்டுவிடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். சட்டைப் பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். அந்த நேரத்தில் பைக்கை எடுக்கவே கூடாது. சரியான பிறகும் முக்கால் மணி நேரம் போகட்டும், நம் கொண்டை ஊசி வளைவுகள் தலை சுற்றுகிறவனுக்கு ஆனவை அல்ல. இப்படி ஒரு தடவை நடந்தாலும் மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இப்போது களிக்கு வருவோம். கேப்பையைக் குறைத்துப் பேசினால் நம் ஊரில் சண்டைக்கு வருவார்கள், எனக்கும் பிடித்தமானதுதான். சுண்ணாம்புச் சத்தில் அரிசி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் சர்க்கரைக் கணக்கு வேறு. 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம் சுமார். 100 கிராம் கேப்பை மாவில் 67 சுமார். இதை வைத்துக்கொண்டு ‘அரிசி விஷம், கேப்பை மருந்து’ என்று சொல்ல முடியுமா? அதுவும் மில்லில் நைசாக அரைத்து, துடுப்புப் போட்டுக் கிண்டி, பசையாக வெந்த களி வயிற்றில் சீக்கிரம் கரையும். முழுசாக முளைகட்டிய கேப்பையும் களியும் உடம்புக்கு ஒன்றில்லை.

அரிசியைவிடக் களியில் ஏமாறுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சோற்றைக் கரண்டியால் போடுகிறோம், கண்ணில் அளவு தெரிகிறது. களியை உருண்டையாகத் தட்டில் வைத்தால் ‘ஒன்றுதானே’ என்று தோன்றும். ஒரு நாள் வீட்டம்மாவிடம் கிண்டும் முன் மாவை அளக்கச் சொல்லுங்கள். தராசு இல்லாவிட்டால் டம்ளரால் அளக்கட்டும், எத்தனை டம்ளர் மாவுக்கு எத்தனை உருண்டை என்று எழுதி வையுங்கள். உருண்டைக்கு 60 கிராம் மாவு போயிருந்தால் அதிலேயே 40 கிராம் மாவுச்சத்து. இரண்டு உருண்டை சாப்பிட்டால் 80. ஒரு பெரிய தட்டு நிறையச் சோறு சாப்பிட்டதற்குச் சமம்.

ஆகவே உங்கள் முதல் மூன்று ஜோடியும் களிக்கே. முதல் இரவு வழக்கம்போல் இரண்டு உருண்டை, வழக்கமான குழம்பு. இரண்டு மணி நேரம் கழித்து என்ன வருகிறதென்று பாருங்கள். இரண்டு நாள் விட்டு, ஒரு உருண்டை, கூடவே பட்டர் பீன்ஸ் கூட்டு ஒரு கிண்ணம், சவ்சவ் பொரியல் ஒரு கிண்ணம். மூன்றாவது தடவை அதே தட்டுதான், ஆனால் கூட்டையும் பொரியலையும் முதலில் முடித்துவிட்டுக் கடைசியில் களி. சாப்பாட்டு வரிசையை மாற்றினாலே பலருக்குச் சர்க்கரை ஏறுவது குறைகிறது, காய்கறியும் பருப்பும் முன்னால் போய் வயிற்றின் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. பட்டர் பீன்ஸிலும் மாவுச்சத்து உண்டு, ஆனால் அது மெதுவாகச் செரிக்கும், புரதமும் நாரும் கூடவே வரும். கொடைக்கானல் மலையில் உட்கார்ந்துகொண்டு பீன்ஸும் சவ்சவ்வும் சந்தைக்கு அனுப்பிவிட்டு வெறும் களியும் குழம்பும் சாப்பிடுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீடு அப்படியில்லை என்றால் மன்னிக்கவும்.

அரிசியை இப்படிச் சோதிக்காமலே ஆறு மாதம் ஒதுக்கிவிட்டீர்கள். அதற்கும் ஒரு ஜோடி ஸ்ட்ரிப் ஒதுக்குங்கள். ஒரு கிண்ணம் சோறு, நிறையக் காய், ஒரு முட்டை. ஒருவேளை உங்கள் உடம்பு அதைச் சுலபமாகத் தாங்கினால் எதற்காக இந்த விரதம்?

இந்த முறை என் கண்டுபிடிப்பு அல்ல. 1969-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற என்ஜினீயர், சிறு வயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர், ஆஸ்பத்திரிகளுக்கும் டாக்டர்களுக்கும் மட்டுமே விற்ற ரத்தச் சர்க்கரைக் கருவியை, டாக்டரான தன் மனைவி பெயரில் வாங்கி, தினமும் பல தடவை தன்னையே சோதித்து எந்தச் சாப்பாடு என்ன செய்கிறது என்று எழுதி வைத்தார். டாக்டர்கள் காது கொடுக்கவில்லை என்று 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய கடுமையான உணவுமுறையை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன், அவர் நோய் வேறு வகை. நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு தட்டைக் கேள்வி கேட்டாரே, அது மட்டும் நமக்கு வேண்டும்.

கருப்பட்டி: உடம்பில் போனால் அதுவும் சர்க்கரைதான், ரத்தத்துக்கு நிறம் தெரியாது. பறிப்பு நாளில் எத்தனை வரக்காப்பி குடிக்கிறீர்கள்? ஐந்து என்றால், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி அளவு என்றால், 40 கிராமுக்குக் குறையாது. மேலே சொன்ன ஒரு களி உருண்டையைத் தினமும் குடித்துவிடுகிறீர்கள். உங்கள் தோட்டத்துக் காப்பி இனிப்பில்லாமலே நன்றாக இருக்கும் என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள்.

மலைவாழை சுகரை ஏற்றாது என்பது பாசத்தில் சொல்வது. விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் 2008-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது, மணமும் ருசியும் வேறெந்தப் பழத்துக்கும் வராது, ஆனால் பழத்தில் சர்க்கரை இருக்கத்தானே செய்யும். உரித்த பழம் 60 கிராம் இருந்தால் அதில் ஏறத்தாழ 14 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும். தோல் கறுத்து நெகிழ்ந்த பழத்தைவிடச் செங்காய்ப் பதத்தில் இருப்பது மெதுவாக ஏற்றும். ஒரு பழம், சாப்பாட்டோடு சேர்க்காமல் பதினோரு மணிக்குத் தனியாக. ஒரு ஜோடி செலவழித்துப் பாருங்கள். 30-க்குள் ஏறினால் தினம் ஒன்று சாப்பிடுங்கள், என் பெயரைச் சொல்லியே சாப்பிடுங்கள். உங்கள் பக்கத்துப் பட்டர் ஃப்ரூட்டில் சர்க்கரை மிகக் குறைவு. சீனியும் பாலும் போட்டு ஜூஸ் அடிக்காமல் உப்பு, மிளகுத்தூள் தூவிச் சாப்பிட்டால் அதற்கு ஸ்ட்ரிப் செலவே வேண்டாம்.

பஞ்சாமிர்தம், சன்னிதியில் கொடுக்கும் ஒரு தேக்கரண்டி தாராளமாக. வீட்டுக்கு வாங்கி வரும் டப்பாதான் வம்பு, அதைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் நோட்டில் இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும்: அன்று என்ன வேலை என்று. ஒரே தட்டு, பறிப்பு நாளில் ஒரு எண், மழையில் வீட்டில் உட்கார்ந்த நாளில் வேறு எண் வரும். சதை வேலை செய்தால் சர்க்கரையை அதுவே இழுத்துக்கொள்ளும். போன வருடம் இதே பக்கத்திலிருந்து வந்த ஒருவர் நோட்டில் இரவு 210, 204, 158, 212 என்று இருந்தது. அந்த 158 என்ன என்று கேட்டேன். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனதென்று அரை மணி நேரம் தேடினாராம். உங்களுக்கு மாடு தொலைய வேண்டாம், சாப்பிட்டதும் 15, 20 நிமிடம் வாசலில் நடந்தால் போதும். காட்டுமாடு நடமாட்டம் உள்ள இடமென்றால் வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

குளிருக்கு வருகிறேன். ஸ்ட்ரிப்பில் இருக்கும் ரசாயனம் பெரும்பாலும் 10 டிகிரியிலிருந்து 40 டிகிரி வரைதான் சரியாக வேலை செய்யும். மார்கழிக் காலையில் ஜன்னல் திண்டில் கிடந்த மிஷின் வெப்பமானிப் படம் காட்டி மறுப்பது அதனால்தான், அது நல்ல மிஷின் என்பதற்கு அடையாளம். ராத்திரி கம்பளி மடிப்பில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அறைக்குள் கொண்டுவந்து அரை மணி நேரம் விட்டுவிட்டு எடுங்கள். அடுப்பங்கரைப் பக்கம் காய்ச்ச வேண்டாம். விரலும் விறைத்திருக்கும், வெந்நீரில் கழுவி, கையைத் தொங்கவிட்டு உதறிவிட்டு விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ரத்தம் வரவில்லை என்று பிழிந்து எடுத்தால் நீரும் சேர்ந்து வந்து எண் மாறிவிடும். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியை உடனே அழுத்தி மூடுங்கள், நம் மூடுபனி அதற்கு ஆகாது. மலையில் மிஷின் தப்பாகக் காட்டும் என்று மேல்மலைக்காரர்கள் சிலர் கேட்கிறார்கள். பல மிஷின்களின் கையேட்டில் 10,000 அடி வரை என்று போட்டிருக்கும், கொடைக்கானலே 7,000 அடிதான். பூம்பாறை, மன்னவனூர்க்காரர்களுக்குப் பிரச்சினை உயரம் இல்லை, குளிர்தான்.

கடைசியாக, வீட்டம்மா. மிஷினை வேண்டுமானால் துடைத்துவிட்டுப் பகிர்ந்துகொள்ளலாம். ஊசியும் அதைச் செருகும் பேனாவும் ஒருவருடையதை இன்னொருவர் தொடக்கூடாது, கணவன் மனைவியானாலும். மஞ்சள் காமாலைக் கிருமி கண்ணுக்குத் தெரியாத ரத்தத்திலும் ஒட்டியிருக்கும். அவருக்குச் சுகர் இருக்கிறதா என்று முடிவு செய்ய வீட்டு மிஷின் போதாது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்ணிடம் சொன்னாலும் வழி சொல்வார். உங்களுக்கு மாவு அளந்து, கூட்டு வைத்து, மணி பார்த்துக் குத்தச் சொல்லப் போகிறவர் அவர்தான். அவர் ரத்தத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. அடுத்த முறை வத்தலக்குண்டு இறங்கும்போது 12 ஜோடி எழுதிய நோட்டோடு அவரையும் கூட்டி வாருங்கள்.